இரண்டாவது பொட்டு

அத்தியாயம் 7

கவிநேசன் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு லொங்கானுக்குள் இறங்கியிருந்தான். செலண்டார் தோட்டத்துச் செம்மண் சாலைக்கும் செம்பனை வரிசைக்கும் நடுவே ஓடும் கால்வாய் அது. தண்ணீர் ஆறிப்போன தேநீர் மாதிரி இருந்தது. உர மூட்டை கழுவிய நாற்றம் அடித்தது.

"அக்கா, இதுக்குள்ள நின்னா ஊசி போட்டுக்கணும்லா."

"போட்டுக்க. முதல்ல கைய விட்டுத் தேடு."

"எதத் தேடுறதுன்னு சொல்லிட்டா நல்லாருக்கும்."

"தெரிஞ்சா நானே எறங்கிருக்க மாட்டேனா?"

"மாட்டீங்க" என்றான் கவிநேசன்.

பவானேஸ்வரி சாலை விளிம்பில் நின்றபடி உள்ளங்கையிலிருந்த உலோகத் துண்டைப் புரட்டிப் பார்த்தாள். கட்டைவிரல் அளவு. ஒரு பக்கம் முகம் பார்க்கலாம் போல மெருகு. மறுபக்கம் சொரசொரப்பான வார்ப்பு. அலுமினியம். பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிளின் கியர்பாக்ஸ் மூடியில் பெயர்ந்த துண்டு. மலாக்காவில் பழைய வண்டிச் சாமான் விற்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்.

அவள் பல வருடம் காப்புறுதி நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளை விசாரித்தவள். பொய் சொன்னவர்களைவிட உண்மை சொன்னவர்களுக்குத்தான் அதிகம் மறுப்புக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஒருநாள் எழுத மறுத்தாள். அதற்குப் பிறகு இந்தத் துப்பறியும் தொழில், இந்த உதவியாள்.

தடயம் சின்னது. வழக்கில் மாட்டியிருந்தவன் வயதும் சின்னது.

போன மாதம் ஆயுத பூஜை அன்று இருட்டுகிற நேரத்தில், தோட்டத்துக் கோயில் வேலை முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பிய அங்கமுத்துவை இந்த இடத்தில் ஏதோ ஒரு மோட்டார் அடித்துப் போட்டுவிட்டு ஓடியது. மறுநாள் காலை செம்பனைக் குலை வெட்டப் போனவர்கள்தான் அவரை லொங்கானில் பார்த்தார்கள். அப்போது உயிர் இல்லை. முந்தின நாள் மாலையே தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார்.

போன வாரம் போலீஸ் பவனைப் பிடித்தது. இருபத்துமூன்று வயது. அதே தோட்டத்துப் பையன். ஆயுத பூஜை அன்று அவன் அங்கமுத்துவோடு சண்டை போட்டதை ஊரே பார்த்திருந்தது. சண்டை பொட்டைப் பற்றி.

அந்தக் கோயிலில் வண்டிகளுக்குப் பொட்டு வைப்பது அங்கமுத்துவின் வேலை. குங்குமத்தை அவரே வீட்டில் செய்வார். மஞ்சளில் சுண்ணாம்பைத் தாராளமாகப் போடுவார். நிறம் நன்றாக இருக்கும். ஆனால் சுண்ணாம்பு அலுமினியத்தைத் தின்னும். ஈரக் குங்குமம் காய்வதற்குள் மெருகு வெந்து மங்கிவிடும். கழுவினாலும் போகாத சாம்பல் வட்டம் நிற்கும். மற்றவர்கள் ஒரு பொட்டு வைத்தால் இவர் இஞ்சினில் இரண்டு வைப்பார், பக்கத்தில் பக்கத்தில். பவன் தன் கப்சாய்க்கு, அந்தச் சின்ன மோட்டார் சைக்கிளுக்கு, ராத்திரி பகலாக மெருகேற்றி வைத்திருந்தான். வட்டங்களைப் பார்த்ததும், "ஒரு நாளைக்கு உன்ன ஏத்திட்டுப் போயிருவேன் கெழவா" என்று கத்தினான். அன்றைக்கே கிழவர் அடிபட்டார். பவனுடைய வண்டியின் முன்விளக்கும் உடைந்திருந்தது. அது வேறு எங்கேயோ விழுந்ததில் உடைந்தது என்றான். யார் நம்புவார்கள்?

ரிமாண்ட் வியாழக்கிழமை முடிகிறது. அன்று கொலைக் குற்றம் சாட்டுவார்கள். அதற்கு ஜாமீன் கிடையாது. இன்று செவ்வாய்.

பவனின் அக்கா அனுசியாதான் இவர்களைத் தேடி வந்தாள். தம்பியைப் பிடித்த மறுநாள் தானே வந்து இந்த லொங்கானைத் துழாவியதாகவும் இந்தத் துண்டு கிடைத்ததாகவும் சொன்னாள். கப்சாயில் இப்படி ஒரு பாகமே கிடையாது. போலீஸிடம் காட்டியபோது, ரோட்டில் ஆயிரம் கிடக்கும் என்றார்களாம்.

"ஒண்ணு மாட்டிருச்சு" என்று கவிநேசன் எதையோ எடுத்து மேலே வீசினான். சோடா டின். "இதையும் கேஸ்ல சேத்துக்கலாம்."

பவானேஸ்வரி அதைக் குனிந்து எடுத்தாள். டின்னின் வெளிப்பக்கம் முழுக்க உப்புப் பூத்தது போல வெள்ளை. விரல் பட்டதும் ஓரம் உதிர்ந்தது. அடியில் அச்சடித்திருந்த தேதி மட்டும் படிக்க முடிந்தது. பழைய டின் இல்லை.

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு பிளாஸ்டிக் பையில் போட்டுக் காரில் வைத்தாள்.

"குப்ப பொறுக்கவும் ஆரம்பிச்சிட்டமா?"

"கால கழுவிட்டு ஏறு. புக்கிட் காத்தில் ஊருக்குப் போறோம்."

*

இந்த மாதிரி மூடி உள்ள மோட்டார்கள் மலாக்காவில் ஓடுகிற நிலையில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மற்றவற்றை நேற்றே பார்த்துவிட்டார்கள். எல்லாம் முழுசாக இருந்தன. மிச்சம் ஒன்று, சாமுவேல் என்பவருடையது. பொதுப்பணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தேவாலயத்தில் காணிக்கைப் பை ஏந்துகிறவர். தாமான் குடியிருப்பு வீட்டின் கார் நிறுத்துமிடத்தையே பட்டறையாக்கி வைத்திருந்தார். காருக்கு மழையில் இடம்.

பெஞ்சில் காஸ் பர்னர், அரங்கள், தண்ணீரில் ஊறும் உப்புத்தாள், மெருகுப் பசை. நடுவில் பெரிய ஸ்டாண்டில் ஏற்றிய மோட்டார் சைக்கிள். கறுப்புத் தொட்டி. வலது பக்க மூடி வெயிலை அள்ளி முகத்தில் அடித்தது.

கவிநேசன் தனக்கும் இப்படி ஒரு பழைய வண்டி இருப்பதாகவும் மூடி உடைந்துவிட்டதாகவும் அளந்துவிட்டான்.

"என்னா வண்டி?" என்றார் சாமுவேல்.

"பழைய வண்டி அங்கிள்."

"அது சரி. என்னா வண்டி?"

"ரொம்பப் பழசு. பேர் அழிஞ்சிருச்சு."

சாமுவேல் சிரித்தார். வலது காலை நீட்டியபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த முழங்கால் மடங்கவில்லை. ஆனால் உடைந்த அலுமினியம் என்றதும் மனிதர் வேறு ஆளாகிவிட்டார்.

"எடுத்தவுடனே பத்த வைக்கக் கூடாது தம்பி. எண்ணெ குடிச்ச வார்ப்பு. கண்ணுக்குத் தெரியாது, சூடு பட்டா கக்கும். முதல்ல வேகவெச்சு எண்ணெய வெளிய எடுக்கணும். அப்புறம் கம்பி பிரஷ் போட்டு, ஒட்டுக் கம்பி வெச்சு உருக்கணும். எவ்வளவு சூடுன்னு எப்படித் தெரியும்? இரும்பு செவக்கும். இது செவக்காது. அப்படியே நிக்கும், திடீர்னு ஐஸ்கிரீம் மாதிரி கொட்டிரும்."

"அப்ப எப்படி?"

"சோப்பு. துணி தொவைக்கிற சோப்ப மேல தேய்ச்சிரு. சோப்பு கறுத்துச்சுன்னா போதும்னு அர்த்தம். தீய எடுத்துரணும்."

"எங்க வீட்டுல சோத்துக்கே அந்தக் கணக்குதான் அங்கிள்."

பவானேஸ்வரி வண்டியைச் சுற்றி வந்தாள். "கடைசியா எப்ப அண்ணே இந்த வேல பாத்தீங்க?"

"அது ஆச்சு, ஒரு வருஷத்துக்கு மேல. இந்த வண்டியத் தொடச்சு வைக்கிறதோட சரி. முட்டி போனதுலேர்ந்து ஒதைச்சு ஸ்டார்ட் பண்ண முடியல."

அதற்குள் கவிநேசன் வண்டியில் ஏறிவிட்டான். "ஒரே ஒரு தடவ உக்காந்து பாத்துக்கிறேன் அங்கிள்."

"கிளட்ச புடிச்சுக்க. ஸ்டாண்ட் எறங்கிரும்."

ஸ்டாண்ட் இறங்கியது. கார் நிறுத்துமிடம் கேட்டை நோக்கிச் சரிவு. கனமான வண்டி தன்பாட்டுக்கு உருண்டது. கவிநேசன் கிளட்சை இறுகப் பிடித்தபடி வலது காலால் ஓங்கி மிதித்தான். 'க்ளக்' என்றது. வண்டி நிற்கவில்லை. இன்னொரு மிதி. இன்னொரு க்ளக்.

"எடது காலு! தம்பி, எடது!"

வண்டி வாசல் ரோஜாத் தொட்டிகளில் இரண்டைச் சாய்த்துவிட்டு மூன்றாவதில் முட்டி நின்றது.

"பிரேக் செத்துப்போச்சு அங்கிள்" என்றான் கவிநேசன், மண்ணைத் துப்பியபடி.

"பிரேக் எடது பக்கம்டா. வலது பக்கம் கியரு. அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டி எல்லாம் அப்படித்தான். முன்பிரேக் சும்மா பேருக்கு." சாமுவேல் நொண்டிப் போய் வண்டியைத் தடவிப் பார்த்தார். "கப்சாய் ஓட்டுன காலுங்க பூரா இதத்தான் செய்யுது. அதான் நான் யாருக்கும் குடுக்கிறதில்ல. என் மகன் கிளீட்டஸ் ஒருத்தன்தான் எடுப்பான். அவன் ஓட்டப் பழகுனதே இதுலதான்."

"எங்க அவரு?"

"ஜொகூர்ல. வேல கெடைச்சிருச்சு." அந்தப் பதில் கொஞ்சம் அவசரமாக வந்தது.

சத்தம் கேட்டு சாமுவேலின் மனைவி பிரிஜிட் வெளியே வந்தாள். தொட்டிகளைப் பார்த்தாள், கவிநேசனைப் பார்த்தாள். உள்ளே போய்த் தட்டில் கேக் கொண்டுவந்தாள். கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர் எடுக்கிறாளாம். இது மாதிரிக்கு முதலில் சுட்டது.

கவிநேசன் ஒரு துண்டை முழுசாக வாயில் போட்டான். மென்றான். மெல்வது நின்றது.

"ஆன்ட்டி, இதுல என்னா போட்டீங்க?"

"முந்திரி, திராட்ச, ஆரஞ்சுத் தோல். ஏன்பா?"

"ஒண்ணுமில்ல. மோட்டார் பட்டறையில மத்தியானம் இப்படித்தான் எண்ணெ மணக்கும்."

பிரிஜிட்டின் முகம் சுண்டியது. "அந்த ஓவன எத்தனதான் கழுவுறது? சோடா மாவு போட்டுத் தேய்ச்சேன், எலுமிச்ச வெச்சேன். போன மாசம் இவரு அந்த மூடிய உள்ள வெச்சு..."

"பிரிஜிட்" என்றார் சாமுவேல்.

அவள் நிறுத்தினாள். தட்டு அவள் கையிலேயே நின்றது. 

பவானேஸ்வரி குனிந்து வலது பக்க மூடியின் அருகே முகத்தைக் கொண்டுபோனாள். நல்ல வேலை. ஆனால் கியர் லீவர் தண்டு நுழையும் இடத்தைச் சுற்றிக் கட்டைவிரல் அளவு இடம் மட்டும் மெருகுக்கு அடியில் கொஞ்சம் நீலம் கலந்த சாம்பல். ஒட்டுக் கம்பியின் நிறம். அவள் பையிலிருந்து துண்டை எடுத்து அதன் மேல் வைத்தாள். ஓரம் ஓரத்தோடு நின்றது.

"செலண்டார்ல கெடந்துச்சு அண்ணே."

சாமுவேல் அதைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எடுத்தார், போடவில்லை.

"நான்தாம்மா" என்றார். "நான்தான் ஓட்டிட்டுப் போனேன். நான்தான் அடிச்சேன்."

பிரிஜிட் தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை.

"எப்படி அடிச்சீங்க?"

"இருட்டு. தெரியல. விழுந்துட்டேன். லீவர் கீழ மடங்கிப் போச்சு, அது மூடியையும் பேத்துருச்சு. சூடு காட்டி நிமுத்துனேன்."

"கீழயா, உள்பக்கமா?"

"கீழ" என்றார். "கால்வைக்கிற எடத்துக்கும் கீழ. ஒரு ஆளு மேல ஏறி நின்ன மாதிரி."

பவானேஸ்வரி வண்டியின் இடது பக்கம் போனாள். அந்தப் பக்க மூடியும் பளபளத்தது. நடுவில் மட்டும் இரண்டு சாம்பல் வட்டங்கள். பக்கத்தில் பக்கத்தில்.

"இது என்னா அண்ணே?"

"பேட்டரி தண்ணி பட்டது."

"இல்ல. குங்குமம். செலண்டார் தோட்டத்துக் கோயில்ல அங்கமுத்து வெச்சது. பவன் வண்டியிலயும் இதே ரெண்டு இருக்கு. காணிக்கப் பை புடிக்கிற ஆளு, ஆயுத பூஜைக்குக் கோயில்ல போய் நின்னு பொட்டு வெச்சுக்கிட்டீங்களா? அதுவும் ஒதைச்சு ஸ்டார்ட் பண்ண முடியாத முட்டியோட?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் பக்கத்த கண்ணாடியாக்கத் தெரிஞ்சவருக்கு இந்த ரெண்டு வட்டம் பெரிய வேலயா? ஏன் விட்டீங்க?"

"உப்புத்தாள் போட்டா அரை மணி நேரம்." சாமுவேலின் குரல் மாறவில்லை. விரல்கள்தான் கண்ணாடியின் காதைத் திருகின. "மூணு தடவ தாள எடுத்தேன். அது செத்துப்போன மனுசன் கையால வெச்சதுன்னு பையன் மறுநாள் ராத்திரி சொல்லிட்டான். உடைஞ்சத ஒட்டிரலாம்னு பாத்தேன். இத அழிக்க எனக்குக் கை போகல."

கண்ணாடியைப் பைக்குள் வைத்தார். "சட்டைய மாத்திட்டு வந்துர்றேன். ஸ்டேசனுக்குப் போலாம். பையன விட்டுருங்க. அவனுக்கு முப்பது கூட ஆகல."

"உள்ள இருக்கிறவனுக்கு இருபத்துமூணு" என்றாள் பவானேஸ்வரி.

அவர் குனிந்து, சாய்ந்து கிடந்த தொட்டி ஒன்றை நிமிர்த்தினார்.

"சட்டைய மாத்திட்டு இருங்க. சாயங்காலம் வரேன்."

*

காரில் ஏறியதும் கவிநேசன் கைப்பேசியை எடுத்தான். "ஜொகூர் போலீஸ் நம்பர் தேடவா? கிளீட்டஸ், பொதுப்பணி சாமுவேலின் தவப்புதல்வன். கேஸ் முடிஞ்சுது. வாய் கொப்பளிக்கணும். இன்னும் எண்ணெ வாடை."

"நீ உருண்டப்ப எதை மிதிச்ச?"

"திரும்ப அதச் சொல்லாதீங்கக்கா. மானமே போச்சு."

"எதை மிதிச்ச?"

"வலது காலு. கியரு."

"ஏன்?"

"கப்சாய்ல அங்கதான் பிரேக்கு. பயந்தா காலு அங்கதான போகும்." சொல்லிவிட்டு நிறுத்தினான். கைப்பேசி மடியில் இறங்கியது.

"விழுந்த வண்டிக்கு லீவர் உள்பக்கம் மடங்கும். இது கீழ மடங்கிருக்கு. யாரோ பிரேக்குன்னு நெனச்சு ஏறி மிதிச்சிருக்காங்க. கிளீட்டஸ் அந்த வண்டியிலயே பழகுனவன். அவன் காலு அந்தத் தப்பப் பண்ணாது."

"அப்ப அவன் பின்னால உக்காந்திருந்தான்."

"ம்."

"முன்னால யாரு?"

அவள் பிளாஸ்டிக் பையை எடுத்தாள். சோடா டின்னை டாஷ்போர்டில் வைத்தாள். பக்கத்தில் அலுமினியத் துண்டை வைத்தாள். டின் வெள்ளை பூத்து உதிர்ந்தது. துண்டில் கவிநேசனின் மூக்கு தெரிந்தது.

"ரெண்டும் அலுமினியம். ரெண்டும் ஒரே லொங்கான்ல கெடந்ததாம். டின் கெடந்தது நெசம். இது ஒரு மாசத்துக்கு மேல அந்த உரத் தண்ணியில கெடந்ததா?"

கவிநேசன் துண்டை எடுத்தான். புரட்டிப் பார்த்தான்.  

"இத நமக்குக் குடுத்தது அனுசியா" என்றான்.

"வண்டிய எடு. பத்து பெரண்டாம் ஃபாக்டரிக்கு. அவளுக்கு ஷிப்ட் விடுற நேரம்."

*

தொழிற்சாலை வாசலில் வேலையாட்களை ஏற்றும் பஸ்கள் இஞ்சினை அணைக்காமல் நின்றன. நீல மேலங்கியோடு பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அனுசியா காரைப் பார்த்ததும் முதலில் சிரித்தாள். பிறகு பவானேஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். பின்கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டாள்.

"கெடைச்சிருச்சாக்கா?"

பவானேஸ்வரி டின்னையும் துண்டையும் பின்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் வைத்தாள். விளக்கம் தேவைப்படவில்லை. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் உலோகத்தைக் கழுவிக் கழுவிப் பார்க்கிறவள் அவள்.

"இத எப்ப எடுத்த?"

"அன்னிக்கே." உதடு மட்டும் அசைந்தது. "அவரு முனகிக்கிட்டிருந்தாரு. கிளீட்டஸ் வண்டியத் தூக்குனான். நான் கீழ இத, இந்தத் துண்டப் பொறுக்கிட்டிருந்தேன்கா. ஏதாச்சும் கெடந்தா மாட்டிக்குவோம்னு. அவர நான் தூக்கல. இதப் பொறுக்குனேன்."

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது. யாரோ கண்ணாடியில் தட்டி, "அனு, பஸ் போயிரும்லா" என்றார்கள். அவள் போகச் சொல்லிக் கையசைத்தாள்.

"ஏன் ஓடுனீங்க?"

"ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தது தெரிஞ்சிரும்ல. அவன் வேதக்காரன். பவனுக்குத் தெரிஞ்சா கிளீட்டஸ வெட்டிருவான்னு பயந்தோம்." ஒரு மாதிரி சிரிப்பு வந்து அடங்கியது. "இப்ப பவன்தான் உள்ள. போன வாரம் பாக்கப் போனேன். அக்கா, நான் செய்யலக்கா, நீயாச்சும் நம்புன்னான். நம்புறேன்டான்னு சொன்னேன்."

கவிநேசன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்டேசனுக்குப் போயிருக்கலாம். எங்ககிட்ட ஏன் வந்த?"

"போனேன். ரெண்டு தடவ. வாசல் வரைக்கும் போயி திரும்பி வந்துட்டேன். வாய் வரலக்கா. நீங்களா கண்டுபுடிச்சிட்டா நான் சொல்ல வேண்டியதில்லைல?" அவள் மூக்கை மேலங்கியில் துடைத்தாள். "கிளீட்டஸ் தான் ஓட்டுனதா சொல்லிக்கிறேன்னு தினமும் போன் பண்றான். நான் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. வியாழக்கிழமை வரட்டும்னு இருந்தேன். அவ்வளவு கெட்டவ நானு."

"அவன் மட்டுமில்ல. அவன் அப்பாவும் தான்தான் ஓட்டுனேன்னு சட்டைய மாத்திட்டு உக்காந்திருக்காரு."

அனுசியா நிமிர்ந்தாள். "அங்கிளா? அவருக்கு நான் யாருன்னுகூடத் தெரியாதே."

"ஆமா. தெரியாது."

அதுதான் அவளை உடைத்தது. சத்தமில்லாமல், முன்சீட்டின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பவானேஸ்வரி ஆறுதல் சொல்லவில்லை. அவளுக்கு அது வராது. வந்தாலும் இங்கே அதற்கு இடமில்லை. லொங்கானில் ஒரு மனிதன் விடியும்வரை கிடந்திருக்கிறான்.

"நான் போலீஸ்ல சொன்னா, கண்டுபுடிச்சதா ஆகும்" என்றாள் பவானேஸ்வரி. "நீ சொன்னா, நீ வந்ததா ஆகும். பவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான், இன்னிக்கோ நாளைக்கோ வெளிய வந்துருவான். உனக்குத்தான் ரெண்டும் வேற. கதவு பூட்டல. என்னா செய்யப் போற?"

கதவுப் பிடியின் மேல் அனுசியாவின் கை இருந்தது. அதை அவளே பார்த்தாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஸ்டேசனுக்குப் போங்கண்ணே" என்றாள் கவிநேசனிடம். "நானே பேசுறேன்."

அவன் சாவியைத் திருப்பினான்.  தொழிற்பேட்டைச் சாலையின் முதல் விளக்கில் வலது காலை பிரேக்கில் வைத்தபோது கொஞ்சம் தயங்கி வைத்தான்.

"அக்கா" என்றாள் பின்னாலிருந்து. "அந்த ரெண்டு பொட்ட அங்கிள் அழிச்சிட்டாரா?"

"இல்ல. அப்படியே இருக்கு."

விளக்கு மாறியது. கார் நகர்ந்த பிறகுதான் அவள் பேசினாள்.

"கூட்டம் எல்லாம் போனதுக்கப்புறம்தான் கோயிலுக்குப் போனோம். அங்கமுத்து தாத்தா மட்டும் வாசலக் கூட்டிட்டிருந்தாரு. யாருகிட்டயும் சொல்லாதீங்க தாத்தான்னேன். சரி சரின்னு சிரிச்சாரு. ஒரு பொட்டு வெச்சிட்டு, இது வண்டிக்கு, யாரு ஓட்டப் போறதுன்னு கேட்டாரு. கிளீட்டஸ் வாயத் தொறக்கிறதுக்குள்ள நான்தான்னு சொல்லிட்டேன். அன்னிக்குத்தான் மொத மொதல்ல ஓட்டப் போறேன்னேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாத்துப் போம்மான்னு சொல்லிட்டு ரெண்டாவது பொட்டு வெச்சாரு. அது எனக்கு."